ஆசிரியருக்கு யார் பாடம் எடுப்பது?

கருவிகள் வாங்கக் கோடிகள் செலவாகிவிட்டன. அவற்றை வகுப்பில் கையாளக் கல்லூரி ஆசிரியர்களைத் தயார் செய்யும் வேலையோ 40 ஆண்டுகளாகப் பாதி வழியில் நிற்கிறது.

மும்பை பவாயில் ஐ.ஐ.டி. வளாகம். ஸ்டூடியோ போல அமைந்த ஒரு வகுப்பறை. மேடையில் ஒரு பேராசிரியர். எதிரே பெரிய திரை. அதில் சின்னச் சின்னக் கட்டங்களாக நாட்டின் பல மூலைகளில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளின் அறைகள். எங்கோ ஒரு கல்லூரியில் ஒருவர் கையை உயர்த்துகிறார். கேள்வி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிறது. பதில் எல்லா அறைகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது.

அந்த அறைகளில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர்கள் மாணவர்கள் அல்ல. அத்தனை பேரும் ஆசிரியர்கள்.

2009இல் மத்திய அரசு தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வழி தேசியக் கல்வி இயக்கத்தின் நிதியில் மும்பை ஐ.ஐ.டி.யும் கரக்பூர் ஐ.ஐ.டி.யும் நடத்திய பயிற்சி இது. முதலில் ஒரே நேரத்தில் ஆயிரம் ஆசிரியர்கள் என்று இலக்கு வைத்தார்கள். பிறகு அதைப் பத்தாயிரமாக உயர்த்தினார்கள். திட்டத்தின் பெயரே 'பத்தாயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி'. முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் மும்பை ஐ.ஐ.டி.யின் கம்ப்யூட்டர் துறைப் பேராசிரியர் தீபக் பாடக். 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

இப்படி ஒரு திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் இந்திய உயர்கல்வியின் பழைய சங்கடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். கல்லூரியில் பட்ட மேற்படிப்புக்குப் பாடம் எடுக்க அது வேண்டியதில்லை. முதுநிலைப் பட்டம், அதோடு 'நெட்' அல்லது 'ஸ்லெட்' தேர்ச்சி, இல்லையென்றால் ஆராய்ச்சிப் பட்டம் போதும். பாடம் தெரிந்தவருக்குப் பாடம் நடத்தவும் தெரியும் என்பது கணக்கு. நேற்றுவரை கடைசி பெஞ்சில் இருந்தவர் இன்று மேடையில் நிற்பார். தனக்கு யார் எப்படி நடத்தினார்களோ அப்படியே தானும் நடத்துவார். கரும்பலகை இருந்தவரை இது ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் தடுமாறியது.

வானத்திலிருந்து வந்த வகுப்பு

தொழில்நுட்பத்தின் மீது இந்தியக் கல்விக்கு உள்ள மோகம் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுபோன நாடு இது. கல்லூரிகளின் முறை 1984 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. இன்சாட்-1பி மூலம் தூர்தர்ஷனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' தொடங்கியது. நிகழ்ச்சி தயாரிக்க, பல்கலைக்கழகங்களில் ஒளிப்பதிவு மையங்கள் திறக்கப்பட்டன. அவற்றை ஒருங்கிணைக்க 1993இல் கல்வித் தகவல்தொடர்புக் கூட்டமைப்பு உருவானது. 2000 ஜனவரி 26இல் 'ஞான் தர்ஷன்' சேனல். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே தனியாக 'எஜுசாட்' செயற்கைக்கோள். 2011 அக்டோபரில் மலிவு விலை 'ஆகாஷ்' டேப்லெட். 2017 ஜூலையில் 'ஸ்வயம்' இணையப் படிப்புகளும், டி.டி.ஹெச். வழியாக 32 சேனல்களுடன் 'ஸ்வயம் பிரபா'வும்.

ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். கருவி ஆரவாரத்துடன் வரும். அமைச்சர் பொத்தானை அழுத்துவார். புகைப்படம் வரும். கருவியின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரைப் பற்றிய யோசனை கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். எஜுசாட்டின் ஆயுள் 2010இல் முடிந்தது. பாட நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதிலும் இணைப்புகளை நிர்வகிப்பதிலும் இருந்த ஓட்டைகளை 2013இல் மத்திய தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. ஆகாஷோ மெதுவாக இயங்கும் பிராசசருக்கும், அழுத்தினால்தான் அசையும் தொடுதிரைக்கும் கிண்டல் வாங்கிக்கொண்டு சில ஆண்டுகளில் காணாமல் போனது.

அந்தக் கருவிகள் அத்தனையும் வீண் என்று சொல்ல முடியாது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய, சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் 'என்.பி.டெல்' விரிவுரைகளை உலகம் முழுவதும் பார்க்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்துப் படிக்கும் மாணவனின் சொந்தக் கல்லூரியில், அதே பாடத்தை எடுக்கும் ஆசிரியர் அந்த விரிவுரையை என்ன செய்வது? அப்படியே திரையில் ஓடவிட்டு ஓரமாக உட்காருவதா? பகை என்று ஒதுக்குவதா? வீட்டில் பார்த்துவிட்டு வரச்சொல்லி வகுப்பில் கணக்குப் போடவைப்பதா? இந்தக் கேள்விக்கு அவரை யாரும் தயார் செய்யவில்லை.

இருபத்தொரு நாள் புத்தாக்கம்

பயிற்சிக்கு இடமே இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி. மற்றவர்களுக்கு மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சி. எண்ணிக்கை 66 ஆனது. பின்னர் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023இல் மதன் மோகன் மாளவியா பெயரில் ஆசிரியர் பயிற்சி மையங்களாயின. பாலிடெக்னிக், பொறியியல் ஆசிரியர்களுக்கென போபால், சண்டிகர், சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் 1960களிலிருந்தே தனி நிறுவனங்கள் உண்டு.

கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டால் இந்தப் பயிற்சிகளைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கும். காலையில் ஒரு வல்லுநர், மதியம் ஒரு வல்லுநர், நடுவில் டீ, பிஸ்கட். 'கல்வியில் தகவல் தொழில்நுட்பம்' என்ற தலைப்பில் ஒருவர் மூன்று மணி நேரம் நின்றபடி பேசுவார். மாணவர்களைப் பேசவைக்க வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டே இருப்பார். கடைசி நாள் குரூப் போட்டோ, பின்னூட்டப் படிவம், சான்றிதழ். ஊருக்குத் திரும்பியதும் சான்றிதழ் பதவி உயர்வு ஃபைலில் ஏறும்.

பதவி உயர்வு என்பதுதான் இதன் உயிர்நாடி. உதவிப் பேராசிரியர் அடுத்த ஊதிய நிலைக்குப் போக இத்தனை பயிற்சிகள் முடித்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டால் பலர் வந்திருக்கவே மாட்டார்கள். விதி இருப்பதாலேயே பலர் விதிக்காக மட்டும் வருகிறார்கள். பயிற்சிக்குப் பிறகு அவருடைய வகுப்பு மாறியதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பயிற்சிகளை மதிப்பிட, டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் நான்கு படிகளைச் சொன்னார். வந்தவருக்குப் பயிற்சி பிடித்ததா? ஏதாவது கற்றுக்கொண்டாரா? திரும்பிப் போய் வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டாரா? அதனால் பலன் விளைந்ததா? இங்கே பெரும்பாலும் முதல் படியிலேயே கதை முடிந்துவிடுகிறது. உணவு நன்றாக இருந்ததா என்பது வரைக்கும் கேட்டுவிடுகிறார்கள். மூன்றாவது படியை ஏறிப் பார்த்தவர்கள் குறைவு.

பவாய் காட்டிய வழி

பவாய் திட்டத்தின் சிறப்பு, எண்ணிக்கையைப் பெருக்கும்போது தரம் நீர்த்துப்போகும் என்ற பழைய நோய்க்கு அது தேடிய மருந்தில் இருக்கிறது. வழக்கமான முறையில் நிபுணர் பத்துப் பேருக்குச் சொல்லுவார். அந்தப் பத்துப் பேர் நூறு பேருக்கு. நூறு பேர் ஆயிரம் பேருக்கு. கடைசி ஆளுக்கு வந்துசேரும்போது மோரில் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும்.

பவாயில் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். விரிவுரையை எல்லாருக்கும் ஒரே நிபுணரே நேரடியாகத் தருவார். அதற்கு அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஏ-வியூ' என்ற மென்பொருள் கைகொடுத்தது. செய்முறை, கணக்கு, விவாதம் ஆகியவை அந்தந்த மையத்தில் நடக்கும். அதை நடத்தும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்கள் முன்கூட்டியே பவாய்க்கு வந்து தனியாகப் பயிற்சி பெற்றுவிடுவார்கள். ஆக, அறிவு ஒரே ஊற்றிலிருந்து வரும். கையைப் பிடித்து எழுதவைக்க உள்ளூரிலேயே ஆள் இருக்கும். ரயில் ஏறி மும்பை வரவேண்டிய அவசியம் மற்றவர்களுக்கு இல்லை. குழந்தைகளை விட்டுவிட்டு மூன்று வாரம் வெளியூர் போகமுடியாத பெண் ஆசிரியர்களுக்கு இது சாதாரண வசதி அல்ல. நாட்டின் உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் 43 சதவீதம்.

ஆரம்பத்தில் நடந்தவை பெரும்பாலும் பாடப் பயிற்சிகள்தான். கம்ப்யூட்டர் புரோகிராமிங், தகவல் தளங்கள் இப்படி. போகப்போக, என்ன நடத்துவது என்பதிலிருந்து எப்படி நடத்துவது என்ற இடத்துக்குக் கவனம் நகர்ந்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் கல்வித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு துறை உண்டு. அதன் பேராசிரியர்கள் சாஹனா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் ஆகியோரின் குழு, பொறியியல் ஆசிரியர்களுக்கான கல்வித் தொழில்நுட்பப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தது.

அதன் விதி எளிமையானது. ஒரு புதிய முறையைப் பற்றி ஆசிரியரிடம் உரையாற்றாதே. முதலில் அவரை மாணவராக உட்காரவைத்து அந்த முறையிலேயே அவருக்குப் பாடம் நடத்து. அது எப்படி இருக்கிறது என்று அவர் அனுபவித்த பிறகு, அவருடைய சொந்தப் பாடத்திலிருந்தே ஒரு வகுப்பை அதே முறையில் அவரையே வடிவமைக்கச் சொல். பிறகு சக ஆசிரியர்கள் அதைப் பார்த்துக் குறை, நிறை சொல்லட்டும். பொதுவான உதாரணம் எதற்கும் உதவாது. வெப்ப இயக்கவியல் ஆசிரியருக்கு வெப்ப இயக்கவியல்தான் வேண்டும். திங்கட்கிழமை காலை அவர் நடத்தப்போவது அதைத்தான்.

கல்லை எறிந்தால்

இந்தப் பயிற்சிகளில் அடிக்கடி வரும் முறை ஒன்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. சக மாணவர் வழிக் கற்றல் என்று சொல்லலாம்.

ஒரு கல்லை நேர் மேலே எறிகிறோம். அது உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? பூஜ்யமா? மேல்நோக்கியா? கீழ்நோக்கியா? ஆசிரியர் திரையில் கேள்வியைக் காட்டுகிறார். யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தன் விடையைச் சொல்ல ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கல் நிற்கிறதே, அதனால் முடுக்கமும் பூஜ்யம் என்று நிறையப் பேர் அழுத்துவார்கள். சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர்கள்கூட. ஆசிரியர் விடையைச் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுங்கள் என்பார். இரண்டு நிமிடம் வகுப்பு சந்தைக்கடையாகும். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. இப்போது பலர் சரியான விடைக்கு மாறியிருப்பார்கள். வேகம்தான் பூஜ்யம். முடுக்கம் எப்போதும்போல வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் கணக்கில் கீழ்நோக்கியே இருக்கிறது.

இதில் தொழில்நுட்பம் எங்கே? அமெரிக்காவில் கையடக்க வாக்குக் கருவி. வசதியுள்ள இந்தியக் கல்லூரியில் செல்போன். வசதியில்லாத கல்லூரியில் நான்கு நிறத்தில் நான்கு அட்டைகள். மூன்றிலும் பாடம் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கெடுப்பில் சரியாகச் சொன்னவர்கள் மிகக் குறைவாக இருந்தால் விவாதம் பயன்படாது, பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். மிக அதிகமாக இருந்தால் விவாதமே தேவையில்லை. நடுவில் இருந்தால்தான் வாதாடவிட வேண்டும். இந்தத் தீர்ப்பை வழங்க எந்தக் கருவியாலும் ஆகாது. கேள்வியைத் தயார் செய்வதும், மாணவன் எங்கே சறுக்குவான் என்று முன்கூட்டியே அறிவதும் ஆசிரியர் வேலை.

இந்த உண்மைக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து போனவர். பிலானியில் பொறியியலும் மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பும் படித்த புன்யா மிஸ்ரா, அமெரிக்காவில் மேத்யூ கோலருடன் சேர்ந்து 2006இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் ஆசிரியர் பயிற்சிகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. பாடம் தெரிவது ஒன்று, பாடம் நடத்தத் தெரிவது ஒன்று, கருவி தெரிவது ஒன்று. மூன்றும் தனித்தனியாக இருந்து பயனில்லை. இந்தப் பாடத்தின் இந்தக் கடினமான இடத்தை இந்த மாணவர்களுக்குப் புரியவைக்க இந்தக் கருவி உதவுமா என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் மூன்றும் சந்திக்கின்றன. பவர்பாயின்ட் போடக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தொழில்நுட்பப் பயிற்சி முடிந்தது என்று அறிவிப்பவர்கள் மூன்றில் ஒன்றைத்தான் தொட்டிருக்கிறார்கள்.

கொரோனா வைத்த தேர்வு

2020 மார்ச் 25. நாடு முழுவதும் ஊரடங்கு. கல்லூரிகள் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட பயிற்சியை இந்திய ஆசிரியர்கள் சில வாரங்களில் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. துணி மாட்டும் ஹேங்கரில் செல்போனைக் கட்டித் தொங்கவிட்டார்கள். டப்பாக்களை அடுக்கி அதன்மேல் போனை நிறுத்திக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். அறுபதை நெருங்கும் பேராசிரியருக்கு வீட்டுக் கல்லூரி மாணவி 'மியூட்' எது, 'ஷேர்' எது என்று சொல்லிக்கொடுத்தாள். ஜூம் செயலி பாதுகாப்பானதல்ல என்று அந்த ஏப்ரலில் மத்திய உள்துறை எச்சரித்தது. அதற்குள் பாதி நாடு அதில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது.

கருப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவது எத்தனை கொடுமை என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது. அறுபது பெயர்கள் திரையில். முகம் ஒன்றுகூட இல்லை. மாணவர் பக்கத்துக் கதை இன்னும் மோசம். கொரோனாவுக்கு முன்பு, 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புறக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இருந்தது சுமார் 4 சதவீதத்தில். இணைய வசதி சுமார் 15 சதவீதத்தில். நகர்ப்புறங்களில் இவை முறையே 23, 42. ஆனால் நாட்டின் கல்லூரிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் இருப்பது கிராமப்புறங்களில்.

அந்த அவசர காலம் ஆசிரியர்களின் கூச்சத்தைப் போக்கியது உண்மை. பாடக் குறிப்பை இணையத்தில் ஏற்றவும், ஆன்லைனில் தேர்வு வைக்கவும் எல்லாருக்கும் வந்துவிட்டது. 2021 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனிலும் மீதியை நேரிலும் நடத்தலாம் என்று கருத்துரு வெளியிட்டது. ஆனால் கரும்பலகை விரிவுரை அப்படியே கேமரா முன் நகர்ந்ததே தவிர, கற்பிக்கும் முறை மாறியதா என்பது வேறு கேள்வி. வகுப்புகள் திறந்ததும் பலர் சாக்பீஸுக்குத் திரும்பினார்கள். 'மூடுல்' போன்ற இலவச மென்பொருள்கள் பல கல்லூரிகளில் விவாதத்துக்கும் வினாக்களுக்கும் பயன்படாமல், பி.டி.எஃப். அடுக்கி வைக்கும் பரண் ஆகிவிட்டன.

வெளியே நிற்பவர்கள்

எண்ணிக்கையைப் பார்த்தால் மலைப்பு வரும். 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டில் உயர்கல்வி மாணவர்கள் 4.33 கோடி. ஆசிரியர்கள் ஏறக்குறைய 16 லட்சம். 2023 செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய மாளவியா இயக்கம் 111 மையங்கள் மூலம் 15 லட்சம் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப்போவதாக அறிவித்தது. அதன் எட்டுத் தலைப்புகளில் ஒன்று தகவல் தொழில்நுட்பம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மையமும் மாதத்துக்கு நூறு பேருக்கு, லீவே விடாமல், பயிற்சி கொடுத்தாலும் ஆண்டுக்கு 1.33 லட்சம் பேர். அத்தனை பேரையும் ஒரே ஒரு முறை தொட 12 ஆண்டுகள். அதற்குள் முதல் அணி கற்ற மென்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும்.

அதனால்தான் பயிற்சியே இணையத்துக்கு நகர்ந்தது. 2018 நவம்பரில் 75 தேசிய வள மையங்களைக் கொண்டு 'அர்பித்' என்ற ஆன்லைன் புத்தாக்கப் பயிற்சி ஸ்வயம் வழியே தொடங்கியது. நாற்பது மணி நேரப் படிப்பு, முடிவில் தேர்வு, பதவி உயர்வுக்கும் கணக்கில் வரும். என்.பி.டெல்லின் 8 வாரப் படிப்பு ஒன்றை முடித்த ஆசிரியருக்கு அது ஒரு பயிற்சியாகவும், 12 வாரப் படிப்பு ஒன்றரைப் பயிற்சியாகவும் எண்ணப்படுகிறது. வழி பரவலாகிவிட்டது. ஆனால் ஆன்லைனில் நடக்கும் பயிற்சிக்கும் அதே வியாதிகள் உண்டு. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்.

இந்தக் கணக்குக்குள் வராத ஒரு கூட்டமும் இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்கள், ஒப்பந்த ஆசிரியர்கள், மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள். பல மாநிலங்களில் அரசுக் கல்லூரி வகுப்புகள் இவர்களால்தான் ஓடுகின்றன. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு நிர்ணயித்த தொகை ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. அதுவும் பல இடங்களில் எட்டாக்கனி. வகுப்பு எடுத்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில் இருப்பவர் மூன்று வாரப் பயிற்சிக்கு எப்படிப் போவார்? போனாலும் ஏறுவதற்கு அவருக்குப் பதவிப் படி இல்லை. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்றே தெரியாது. அவரைப் பயிற்சிக்கு அனுப்ப விதியில் இடம் இருக்கலாம். சம்பளத்தில் இடம் இல்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் ஏழை மாணவன் அநேகமாகச் சந்திப்பது இவரைத்தான் என்பதில் இருக்கிறது இதன் கொடுமை.

எந்த மொழியில்?

மொழி இன்னொரு சுவர். பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வட இந்தியாவில் சில இடங்களில் இந்தியில். ஆனால் வகுப்பறை நடப்பதோ தமிழும் ஆங்கிலமும், மராத்தியும் ஆங்கிலமும் கலந்த ஒரு மொழியில். இதைப் புரிந்துகொண்டு செய்த முயற்சி, மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்'. இலவச மென்பொருள்களைக் கற்றுத்தரும் பத்து நிமிட வீடியோக்கள். திரையில் ஆங்கிலம், காதில் தாய்மொழி. வேலைக்குப் போனால் திரையில் வரப்போவது ஆங்கிலம்தான் என்பதால் அதை மாற்றவில்லை. விளக்கம் மட்டும் தமிழிலும் அஸ்ஸாமியிலும் மற்ற இந்திய மொழிகளிலும். வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தித் தானே செய்துபார்க்க வேண்டும். நிபுணர் இல்லாத ஊரிலும் இது நடக்கும். துறையில் யாருக்குமே தெரியாத மென்பொருளை மாணவர்களோடு சேர்ந்து ஆசிரியரும் கற்றுக்கொள்ளலாம்.

மாணவனுக்கு முன்னால் தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்வது இந்திய ஆசிரியருக்குக் கடினம். குரு என்ற பீடம் அப்படி. தொழில்நுட்பப் பயிற்சியில் பலர் தயங்குவதற்கு வயதும் சோம்பலும் மட்டும் காரணமல்ல. வகுப்பில் புரொஜெக்டர் நின்றுபோனால் நாற்பது ஜோடிக் கண்கள் முன்னால் அவமானம். கரும்பலகை ஒருபோதும் நின்றுபோவதில்லை. இந்தப் பயத்தைப் போக்காத எந்தப் பயிற்சியும் வகுப்பறை வாசலைத் தாண்டாது. புரொஜெக்டரைச் சரிசெய்யக் கூப்பிட்ட ஐந்து நிமிடத்தில் வரும் ஒரு டெக்னீஷியன், பத்து நாள் பயிற்சியைவிட அதிகம் சாதிப்பார் என்பதும் உண்மை.

நிர்வாகங்களுக்கு வேறு கவலை. தேசிய மதிப்பீட்டுக் குழுவான 'நாக்' ஆய்வுக்கு வரும்போது தொழில்நுட்ப வசதியுள்ள வகுப்பறைகள் எத்தனை, ஆசிரியர்கள் எந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். ஆகவே ஸ்மார்ட் போர்டு வாங்கப்படுகிறது. வந்தவர்களுக்குக் காட்டப்படுகிறது. பிறகு பூட்டப்படுகிறது. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?

புதிய விருந்தாளி

2022 நவம்பர் 30இல் 'சாட்ஜிபிடி' வந்தபோது இந்தப் பழைய கணக்குகள் எல்லாம் மறுபடி கலைந்தன. இதுவரை ஆசிரியர் கற்றுக்கொண்டால்தான் கருவி வகுப்புக்குள் வரும். இம்முறை மாணவன் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் எழுதிவரச் சொன்ன கட்டுரை, செய்துவரச் சொன்ன புரோகிராம் எல்லாம் நொடியில் தயார். எழுதியது யார் என்று ஆசிரியருக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் தவறாகவும் குற்றம் சாட்டுகின்றன.

தொழில்நுட்பக் கல்விக் குழு 2025ஐச் செயற்கை நுண்ணறிவு ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு பட்ஜெட்டில் கல்விக்கான செயற்கை நுண்ணறிவு மையத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பயிற்சி வகுப்புகளின் தலைப்புகள் ஒரே இரவில் மாறின. எந்தக் கருவியில் என்ன தட்டினால் என்ன வரும் என்பதே மறுபடியும் பாடமாகிறது. மாணவனிடம் எதைக் கேட்டால் அவன் யோசித்தே ஆகவேண்டும், எந்தத் தேர்வை வாய்மொழியாக வைப்பது, எதை வகுப்பிலேயே எழுதச்சொல்வது, இயந்திரம் தந்த விடையில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லலாமா என்ற கேள்விகள்தான் முக்கியம். அவை கருவி பற்றிய கேள்விகள் அல்ல, பாடம் நடத்துவது பற்றியவை. கல்லை எறிந்த கேள்வியைத் தயார் செய்யத் தெரிந்த ஆசிரியருக்கு இவை பெரிய அதிர்ச்சி இல்லை. பவர்பாயின்டோடு நின்றுபோனவருக்குத்தான் இடி.

நாற்பது ஆண்டு அனுபவம் சில விஷயங்களைத் தெளிவாகவே சொல்கிறது. பயிற்சி ஒருமுறை போட்டுமுடிக்கும் தடுப்பூசி அல்ல. மூன்று வாரம் ஒரே மூச்சில் கொட்டுவதைவிட, மாதம் ஒருநாள் கூடி, நடுவில் தன் வகுப்பில் செய்துபார்த்து, அடுத்த மாதம் எங்கே சறுக்கியது என்று பேசினால் ஒட்டும். ஒரே துறையைச் சேர்ந்த நாலைந்து பேர் சேர்ந்து கற்றால் தனி ஆளைவிட நிலைக்கும். ஒரு கல்லூரியிலிருந்து ஒருவரை மட்டும் அனுப்பினால் அவர் திரும்பி வந்து ஒற்றை மரமாக நிற்பார். சான்றிதழோடு, பயிற்சிக்குப் பிறகு அவர் நடத்திய ஒரு வகுப்பையும் பதவி உயர்வுக் குழு கேட்டுப் பார்க்கலாம். மணிக்கணக்கு ஆசிரியர் பயிற்சியில் உட்காரும் நேரத்துக்கும் ஊதியம் கொடுக்கலாம். இவை எதற்கும் செயற்கைக்கோள் தேவையில்லை.

புதிய கருவிகள் இன்னும் வரும். பொத்தானை அழுத்தி வைக்க அமைச்சர்களும் வருவார்கள். 4.33 கோடி மாணவர்களில் பெரும்பாலானோருக்கு ஐ.ஐ.டி. கிடையாது. தாலுகா தலைநகரில் ஒரு கல்லூரி, அதில் ஒரு வகுப்பு, அதன் முன்னால் ஓர் ஆசிரியர். அவர்களுடைய படிப்பு எப்படி இருக்கும் என்பது, அந்த ஆசிரியருக்கு நாம் எவ்வளவு நேரம் ஒதுக்கினோம் என்பதைப் பொறுத்தே இருக்கும்.